ஸ்ப்ளெண்டரில் மீன் பெட்டி ஏற்ற, கழற்றி மாட்டுகிற மாதிரி ஏதாவது செய்ய முடியுமா?

கொடுங்கையூர் பையன்:

எல்லோருக்கும் வணக்கம். வண்டி ஸ்ப்ளெண்டர் பிளஸ், 2014 மாடல். அப்பா ஓட்டியது, இப்போது என்னிடம் இருக்கிறது. அம்மா மூலக்கடைப் பக்கம் மீன் விற்கிறார். விடியற்காலை மூன்று மணிக்குக் கிளம்பி, கொருக்குப்பேட்டை கேட் வழியாகக் காசிமேடு மீன்பிடித் துறைமுகம் போவோம். போகும்போது அம்மா பின்னால் உட்கார்ந்து வருவார். ஏலத்தில் எடுத்த மீனை ஐஸ் போட்டுத் தெர்மாக்கோல் பெட்டியில் அடைத்து நான் வண்டியில் கொண்டுவருவேன், அம்மா ஷேர் ஆட்டோவில் வந்துவிடுவார். ஆக ஒரே சீட்டில் போகும்போது ஆள், வரும்போது பெட்டி.

இப்போது வெறும் கயிறுதான். ஸ்பீட் பிரேக்கர் ஏறி இறங்கினால் பெட்டி ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறது. அதைவிடப் பெரிய தொல்லை மீன் தண்ணி. சீட்டில் வழிந்து, புடவை சக்கரத்தில் சிக்காமல் தடுக்கிற சேரி கார்டு, செயின் கவர், பின் ரிம் எல்லாம் துருப்பிடித்துக் கிடக்கிறது. ஒரு பட்டறையில் கேட்டதற்கு, சேரி கார்டை அறுத்துவிட்டு ஃப்ரேமோடு சேர்த்துக் கேரியர் வெல்டிங் வைத்துத் தருகிறேன், 2,500 ஆகும் என்றார்கள். அப்படிச் செய்தால் அம்மா எங்கே உட்காருவார்?

இரண்டு சின்ன விஷயமும் உண்டு. ஹெட்லைட் மங்கலாக இருக்கிறது. போன் சார்ஜர் ஒன்றும் வைக்க வேண்டும், ஏலம் முடிந்து பணம் அனுப்புகிற நேரத்தில்தான் போன் செத்துப்போகிறது. எல்லாம் சேர்த்து ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்தால் நல்லது. மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14 வரைக்கும் இருக்கிறது. இப்போது ஃபைபர் படகு மீன் மட்டும்தான் என்பதால் வண்டிக்கு வேலை குறைவு. பெரிய போட் கடலுக்குப் போவதற்குள் வண்டியைத் தயார் பண்ணிவிட வேண்டும்.


எண்ணூர் ரோடு ராஜா:

தலைவா, இதுக்கு ஏன் இவ்வளவு யோசனை? சேரி கார்டைத் தூக்கிப் போடு, வண்டி லுக்கே மாறிடும். ஹெட்லைட்டுக்கு எல்இடி பல்பு வாங்கி மாட்டு, இல்லன்னா 60/55 வாட் ஹாலஜன் போடு, ரோடு பகல் மாதிரி தெரியும்.


பெரம்பூர் ஃபிட்டர்:

ராஜா தம்பி சொன்ன எதையும் செய்யாதே. ஏன் என்று வரிசையாகச் சொல்கிறேன்.

நான் பெரம்பூர் ரயில்வே கேரேஜ் ஒர்க்ஸில் ஃபிட்டராக இருந்து ரிட்டையர் ஆனவன். ரயில் பெட்டிக்கு வெல்டிங் வைப்பதைப் பார்த்தே காலம் போயிற்று, அதனால் வெல்டிங் மேல் எனக்குப் பகை கிடையாது. ஆனால் பைக் ஃப்ரேம் குழாய் மெல்லிசானது. வெல்டிங் வைத்த கோட்டுக்கு ஓரத்தில் சூடு பட்ட இரும்பு, முன்பு இருந்த இரும்பு அல்ல. வண்டி அதிர அதிர அந்த ஓரத்தில்தான் விரிசல் விடும், பெயின்டுக்கு அடியில் என்பதால் கண்ணுக்கும் தெரியாது. சேரி கார்டை அறுப்பது அதைவிட மோசம். பின்னால் உட்காருகிறவரின் துணி சக்கரத்தில் சிக்காமல் பின் சக்கரத்தில் பாதியாவது மறைப்பு இருக்க வேண்டும் என்று மோட்டார் வாகன விதி 123 சொல்கிறது. பிடித்துக்கொள்ளக் கைப்பிடி, கால் வைக்க ஃபுட்ரெஸ்ட் எல்லாம் அதே விதியில்தான் வருகிறது. சட்டத்தை விடு, புடவை கட்டிய அம்மாவை ஏற்றிக்கொண்டு சேரி கார்டு இல்லாமல் போவாயா?

உனக்கு வேண்டியது ஸ்பானர் இல்லாமல் கையாலேயே கழற்றுகிற தட்டு. ஃப்ரேமில் ஓட்டையும் கூடாது, வெல்டிங்கும் கூடாது.

காயலான் கடைக்குப் போய்ப் பழைய ஸ்டீல் ராக் இருக்கிறதா என்று கேள். அந்த ராக்கின் கால்தான் நமக்கு வேண்டும், நெடுக ஓட்டை போட்டு வருகிற எல் ஆங்கிள். எடைக்குத்தான் விற்பார்கள், டிரில்லிங் கூலியும் மிச்சம். நீளவாட்டில் இரண்டு துண்டு, குறுக்கில் இரண்டு துண்டு, நாலு மூலையிலும் போல்ட். பெட்டியின் அடி அளவுக்கு ஒரு சட்டம் வந்துவிடும். அடியில் சைக்கிள் டியூபைச் சுற்றிவிடு, சீட் ரெக்சின் கிழியாது. இந்தச் சட்டம் அம்மா உட்காருகிற இடத்தில்தான் உட்கார வேண்டும், அதற்குப் பின்னால் தள்ளிப் போகக் கூடாது. பின் சக்கர அச்சுக்குப் பின்னால் பாரம் போனால் முன் சக்கரம் லேசாகும், ஹேண்டில் ஆடும். ஐஸும் மீனுமாகப் பெட்டியைத் தூக்கிப் பார்த்தவனுக்கு அது எவ்வளவு கனம் என்று தெரியும்.

பின் பக்கம், கைப்பிடிக் கம்பியில் இரண்டு யூ கிளாம்ப். பிளம்பிங் கடையில் குழாயைச் சுவரில் பிடிக்க விற்கிறார்களே, அதேதான். கம்பிக்கும் கிளாம்புக்கும் நடுவில் டியூப் ரப்பர் வை. இதில் நட்டுக்குப் பதில் இரண்டு பக்கமும் காது வைத்த விங் நட் போட்டால் கையால் திருகலாம். முன் இரண்டு மூலைக்கு ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் மாட்டுகிற ஜே போல்ட் வாங்கு. திருகு மரை உள்ள முனையைச் சட்டத்தின் ஓட்டையில் விட்டு மேலே விங் நட். கீழே வளைவில் பழைய சைக்கிள் செயின் துண்டு ஒன்றைக் கோத்து, அதன் மறுமுனையைப் பின்னால் உட்காருகிறவர் கால் வைக்கும் ஃபுட்ரெஸ்ட் பிராக்கெட்டில் மாட்டு. மேலே விங் நட்டைத் திருகினால் செயின் விறைக்கும், சட்டம் சீட்டோடு அமுங்கும். நைலான் பெல்ட்டே போதுமே என்று கேட்பாய். வலது பக்கம் சைலன்சர் இருக்கிறது, பெல்ட் அதில் பட்டால் உருகிக் கையோடு வரும்.

இனி தண்ணி. உன் கேள்வியில் உண்மையான சிக்கல் இதுதான். நீயே அதைப் பெரிய தொல்லை என்று எழுதியிருக்கிறாய், பட்டறைக்காரர் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. காசிமேட்டுக் காற்றே உப்பு. அதன் மேல் மீன் தண்ணியும் சேர்ந்தால் பெயின்டில் குண்டூசி அளவு கீறல் போதும், உள்ளுக்குள்ளேயே ஊர்ந்து போகும்.

35 லிட்டர் சதுரக் கேன் ஒன்று வாங்கிப் படுக்கப் போட்டு நீளவாட்டில் அறு. ஓரம் உயர்ந்த தட்டு கிடைக்கும். பெட்டி அதற்குள் உட்காரும்படி கேன் அளவைப் பார்த்து வாங்கு. சட்டத்தின் மேல் தட்டு, தட்டின் மேல் பெட்டி. தட்டின் இடது பின் மூலையில் ஓட்டை போட்டு ஒரு ஹோஸ் நிப்பிள், அதிலிருந்து மேஸ்திரிகள் மட்டம் பார்க்கிற லெவல் டியூப். டியூபின் மறுமுனை, சேரி கார்டில் மாட்டிய சின்னக் கேனுக்குள். ரோட்டில் விட்டுவிடலாமே என்று நினைக்காதே. மீன் தண்ணி வழுக்கும். உன் பின் டயரே அதில் முதலில் ஏறும், அப்புறம் உன் பின்னால் வருகிறவன் விழுவான்.

கேன் வாங்கும்போது ஒன்று. மணலிப் பக்கத்தில் மலிவாகக் கிடைக்கிற நீலக் கேனில் என்ன வந்தது என்று யாருக்கும் தெரியாது. எத்தனை முறை கழுவினாலும் பிளாஸ்டிக் குடித்த கெமிக்கல் போகாது. அதை அறுத்து மட்கார்டு ஃப்ளாப் வேண்டுமானால் செய்துகொள், உப்புக்கும் வெயிலுக்கும் நன்றாகத் தாங்கும். தின்கிற பொருள் பக்கத்தில் அதைக் கொண்டுவராதே. தட்டுக்குச் சமையல் எண்ணெய் வந்த கேனோ புதுக் கேனோதான்.

போல்ட்டுக்கு வருவோம். ஸ்டெயின்லெஸ் என்று கேட்டால் சாதாரணக் கடையில் பெரும்பாலும் 202 கிரேடு கொடுப்பார்கள், கடலோரத்தில் அதுவும் துருப்பிடிக்கும். 304 கேள். 316 கிடைத்தால் இன்னும் நல்லது, மாலிப்டினம் கலந்திருப்பதால் உப்பைத் தாங்கும், ஆனால் விலை கூட. காந்தம் வைத்துப் பார்த்துவிட்டு ஒரிஜினல் என்று கடைக்காரர் சொன்னால் சிரித்துக்கொள். 202, 304 இரண்டிலுமே காந்தம் சரியாக ஒட்டாது, அதை வைத்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது.

வீட்டுக்கு வந்ததும் ஒரு பக்கெட் நல்ல தண்ணி ஊற்றிப் பின்பாதியைக் கழுவு. செயின் கவருக்கு அடியில் தண்ணி தேங்கும். செயின் தொய்வு பார்க்க அதில் ஒரு ரப்பர் மூடி இருக்கிறதே, அதைத் திறந்து பார், உள்ளே நிலவரம் தெரியும். செயினுக்கு 90 கியர் ஆயில் போதும். பழைய இன்ஜின் ஆயிலை, பின் சக்கரத்தைப் பிடித்திருக்கிற ஸ்விங் ஆர்ம் முழுக்கப் பூசுகிற வழக்கம் நம் பக்கம் உண்டு. துருவுக்குத் தடைதான், ஆனால் கன்டெய்னர் லாரிப் புழுதி அதில் அப்பிக்கொள்ளும், பிரேக் டிரம்முக்குள் வழிந்தால் பின் பிரேக்கே இல்லை. துருவைச் சுரண்டி ரெட் ஆக்சைடு அடித்து, மேலே எனாமல் அடி. அது போதும்.

ஹெட்லைட். உன் வண்டியில் பல்பு 35/35 வாட்டாக இருக்கும். 60/55 பல்பும் ஏறக்குறைய அதே மாதிரி உட்காரும், அதனால்தான் எல்லோரும் வாங்கி மாட்டிவிட்டு ஹோல்டர் உருகிப்போச்சு என்று வந்து நிற்கிறார்கள். இந்த வண்டிகளில் ஹெட்லைட்டுக்குக் கரண்ட் பேட்டரியில் இருந்து வருவதில்லை, இன்ஜின் சுற்றும்போது கரண்ட் தருகிற மேக்னட்டோவில் இருந்து ஏசியாக வருகிறது. ஆக்சிலேட்டர் முறுக்கினால் வெளிச்சம் ஏறுகிறதா? அப்படியென்றால் அதுதான். டிசிக்குச் செய்த எல்இடி பல்பை அதில் போட்டால் சிமிட்டும். முதலில் எர்த் ஒயர் முனையைக் கழற்றி எமரி பேப்பரால் தேய். அப்புறம் பல்பு உட்காருகிற ஹெட்லைட் டூமுக்குள் பார். ரிஃப்ளெக்டர் கறுத்திருந்தால் எந்தப் பல்பு போட்டும் வீண், டூமையே மாற்று. புதுப்பேட்டையில் தேடினால் பழையதில் நல்லது கிடைக்கும்.

சார்ஜர் சுருக்கமாக. 12 வோல்ட்டை 5 வோல்ட்டாக்குகிற சின்ன கன்வர்ட்டர், ரிச்சி தெருவில் கிடைக்கும். சாவி போட்டால் மட்டும் கரண்ட் வருகிற ஒயரில் எடு, இல்லையென்றால் காலையில் பேட்டரி இறங்கியிருக்கும். 2 ஆம்பியர் சார்ஜ் என்றால் 10 வாட், பேட்டரிப் பக்கம் ஒரு ஆம்பியரை ஒட்டித்தான் இழுக்கும். ஆகவே 2 ஆம்பியர் ஃப்யூஸ் போதும். அந்த ஃப்யூஸ் கரண்ட் எடுக்கிற முனையில் இருக்க வேண்டும், சார்ஜர் முனையில் வைத்து என்ன பயன்? நடுவில் ஒயர் உரசினால் யார் காப்பாற்றுவது? வீட்டு வயரிங்கில் மிச்சமான ஒற்றைக் கம்பி ஒயர் வேண்டாம், அதிர்விலேயே முறிந்துவிடும். பல இழை ஒயர்தான். போனைப் பையில் வைத்தே சார்ஜ் போடு, ஹேண்டிலில் மாட்டாதே. பைக் அதிர்வு போன் கேமராவைக் கெடுக்கலாம் என்று ஆப்பிள் கம்பெனியே 2021இல் சொல்லியிருக்கிறது.


டோல்கேட் வெல்டர்:

ஃபிட்டர் அண்ணா, மொத்த வெல்டர் குலத்தையும் ஒரே வீச்சில் முடிச்சிட்டீங்க. ஃப்ரேமில் வைக்கக் கூடாது என்பதில் நானும் உங்கள் கட்சிதான். டேங்க்கைக் கழற்றாமல், பேட்டரி ஒயரைக் கூட எடுக்காமல் வண்டி மேலேயே வெல்டிங் அடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். பெட்ரோல் ஆவி ஒரு பக்கம், இன்ஜினுக்கு ஸ்பார்க் கொடுக்கிற சிடிஐ யூனிட் போவது இன்னொரு பக்கம்.

ஆனால் பழைய ராக் ஆங்கிள் மெல்லிய தகடு அண்ணா, ஓரம் பிளேடு மாதிரி இருக்கும். போல்ட் போட்ட நாலு மூலையும் தினமும் பாரம் ஏறி இறங்கினால் லொடலொடக்கும். சட்டத்தை மட்டும் 25 மில்லிமீட்டர் ஆங்கிளில் வண்டிக்கு வெளியே, கீழே வைத்து வெல்டிங் அடித்துக் கொண்டுபோய் மாட்டட்டும். அதற்கு நானே பெரிய கூலி கேட்க மாட்டேன், கால் மணி நேர வேலை. ஜிஐ பைப் கொண்டு வராதே தம்பி, சூடு பட்டால் துத்தநாகப் புகை வரும், அதைச் சுவாசித்தால் எனக்கு ராத்திரி காய்ச்சல்.

இன்னொன்று, சேஸை நீட்டிக்கொடு, சீட்டை எடுத்துவிட்டு மேடை வைத்துக்கொடு என்று வருகிறவர்கள் உண்டு. ஆர்சி புக்கில் இருப்பதற்கு மாறாக வண்டியை மாற்றினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்கு அப்புறம் ஓனருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், இல்லையென்றால் ஆறு மாதம் வரை ஜெயில், இரண்டும் சேர்ந்தும் வரலாம். கழற்றி மாட்டுகிற தட்டில் அந்த வம்பு இல்லை.


பெரம்பூர் ஃபிட்டர்:

வெல்டர் தம்பி, சட்டத்தைக் கீழே வைத்து அடிப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஓரம் அறுக்கும் என்பதும் சரி. ராக் ஆங்கிளில் செய்கிறவர்கள் ஃபைல் போட்டுவிட்டு, பழைய ஹோஸ் பைப்பை நீளவாட்டில் கீறி ஓரத்தில் செருகிக்கொள்ளட்டும். லொடலொடப்புக்கு, உள்ளே நைலான் வளையம் வைத்த, அதிர்வில் கழலாத நைலாக் நட் இருக்கிறது. ஆயிரம் ரூபாய்க்குள் என்று பையன் சொன்னதால்தான் ராக்கைச் சொன்னேன்.


திருவொற்றியூர் செல்வி:

சட்டம், தட்டு, போல்ட் எல்லாம் பேசினீர்கள். போகும்போது அந்தக் காலிப் பெட்டி எங்கே இருக்கிறது என்று ஒருத்தரும் கேட்கவில்லையே? எனக்குத் தெரியும், அம்மா மடியில்தான். ஒரு பக்கமாக உட்கார்ந்து, ஒரு கையில் பெட்டியைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு. எங்கள் வீட்டிலும் இதேதான் நடந்தது. எக்ஸ்பிரஸ் ரோட்டில் கன்டெய்னர் ஒன்று பக்கத்தில் வேகமாகப் போனால் அந்தத் தெர்மாக்கோல் பெட்டியைக் காற்று தூக்கும், பெட்டியோடு ஆளும் சாய்வார்.

பெட்டியை முதலில் அவர் மடியில் இருந்து எடுங்கள். முடிந்தால் அம்மாவை இரண்டு பக்கமும் கால் போட்டு உட்காரச் சொல்லுங்கள். எங்கள் அம்மா நைட்டியும் மேலே துண்டுமாக அப்படித்தான் உட்காருவார், மூன்று மணிக்கு யார் பார்க்கப் போகிறார்கள் என்பார். மாட்டேன் என்றால் சேரி கார்டோடு சேர்ந்த கால் படி ஆடாமல் இருக்கிறதா என்று பாருங்கள், உப்புத் தண்ணியில் முதலில் போவது அந்தப் படியின் போல்ட்தான். ஹெல்மெட் இரண்டு பேருக்கும்.

அப்புறம், பெட்டி ஏற்றி வரும்போது பின் விளக்கு மறைகிறதா என்று ஒருமுறை தூரத்தில் நின்று பாருங்கள். பெட்டியின் பின்பக்கம் சிவப்பு ரிஃப்ளெக்டர் டேப் ஒட்டுங்கள். முன் பக்கத்துக்கு வெள்ளை. மாற்றி ஒட்டினால் எதிரே வருகிற லாரிக்காரர் குழம்புவார்.


கொடுங்கையூர் பையன்:

எல்லோருக்கும் நன்றி. செல்வி அக்கா, பெட்டி மடியில்தான், சரியாகப் பிடித்துவிட்டீர்கள். நைட்டி விஷயத்தை அம்மாவிடம் சொன்னேன், முறைத்தார், முடியாது என்று மட்டும் சொல்லவில்லை.

காயலான் கடையில் ராக் கால் கிடைத்தது. ஆனால் ஓரத்தைத் தொட்டுப் பார்த்ததும் வெல்டர் அண்ணா சொன்னபடி ஆங்கிளிலேயே அடித்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன். எண்ணெய்க் கேன் ஓட்டலில் இருந்து வாங்கியாயிற்று. ஹெட்லைட் எர்த்தைத் தேய்த்ததிலேயே வித்தியாசம் தெரிகிறது, டூமும் கொஞ்சம் கறுத்துத்தான் இருக்கிறது.

ஒரு யோசனை, ஃபிட்டர் ஐயா. யூ கிளாம்பையே கீல் மாதிரி வைத்து, போகும்போது சட்டத்தை நிமிர்த்திவிட்டால் அம்மாவுக்கு முதுகுச் சாய்வாகவும் இருக்கும், சட்டத்தை எங்கே வைப்பது என்ற கேள்வியும் தீரும். சரியாக வருமா?


பெரம்பூர் ஃபிட்டர்:

வராது. யூ கிளாம்ப் இறுக்கிப் பிடிக்கத்தான், ஆடுவதற்கு இல்லை. கீல் மாதிரி வைத்தால் கைப்பிடிக் கம்பியையே தேய்த்துவிடும். சாய்வு இருக்கிறது என்று நம்பி அம்மா சாய்ந்த நேரத்தில் அது பின்னால் மடிந்தால் என்ன ஆகும் என்று யோசி.

கைப்பிடிக் கம்பிக்குப் பின்னால் மாட்டுகிற சின்னக் கேரியர் ஸ்ப்ளெண்டருக்கு ஸ்பேர் கடையில் கிடைக்கும், பழையதென்றால் இன்னும் மலிவு. அதில் சட்டமும் தட்டும், தட்டின் மேல் காலிப் பெட்டி, பெட்டிக்குள் சின்னக் கேன். அச்சுக்குப் பின்னால் பாரம் கூடாது என்றேன், காலிப் பெட்டி பாரமில்லை. மீனோடு அதில் எப்போதும் வைக்காதே. கட்டுவதற்கு லாரி டியூபை இரண்டு விரல் அகலத்துக்கு வளையமாக அறுத்துக்கொள். கொக்கி வைத்த ரப்பர் கயிறு வேண்டாம், நழுவினால் நேராகக் கண்ணுக்கு வரும். டியூப் வளையத்தில் வெடிப்பு தெரிந்தால் தூக்கிப் போட்டுவிட்டு வேறு அறு.

கேரியர் மாட்ட, கைப்பிடிக் கம்பியின் போல்ட்டையே கழற்றி, கேரியர் தகட்டின் கனத்துக்குத் தகுந்தபடி கொஞ்சம் நீளமான போல்ட் போட வேண்டியிருக்கும். இந்த இடத்துக்கு மட்டும் ஸ்டெயின்லெஸ் கேட்காதே. தலையில் 8.8 என்று எழுதிய ஹை டென்சில் போல்ட் வாங்கி, மரையில் கிரீஸ் தடவிப் போடு. அம்மா பிடித்துக்கொள்கிற கம்பி அது. கடைக்குப் போகும்போது பழைய போல்ட்டைக் கையோடு கொண்டு போ. மரை மாறின போல்ட்டைத் திணித்தால் ஃப்ரேமில் இருக்கிற நட் போய்விடும், அப்புறம் நம் வெல்டர் தம்பியிடம்தான் போய் நிற்க வேண்டும்.